வாசகர் கேள்வி பதில்: முடி வளர்த்தவங்க வேற என்ன வளர்த்தாங்க?

போன இதழ்ல கிழிஞ்ச ஜீன்ஸ் பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு "எல்லாம் ஹிப்பிங்க விட்டுட்டுப் போன சொத்து"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டேன். விடுவீங்களா? வந்து குவிஞ்ச கேள்விங்களைப் பார்த்தா இந்த வாரம் முழுக்க ஹிப்பிதான். மத்த சப்ஜெக்ட்ல கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: காதுக்குக் கீழ முடி இறங்கினாலே எங்க தாத்தா "என்னடா ஹிப்பி மாதிரி"ன்னு ஆரம்பிச்சுடுவாரு. ஹிப்பின்னா யாரு சார், கட்சியா, மதமா?

ரெண்டும் இல்ல தம்பி. மெம்பர்ஷிப் கார்டு கிடையாது, தலைவர் கிடையாது, கொள்கை அறிக்கையும் கிடையாது. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அமெரிக்காவுல குழந்தைங்க சகட்டுமேனிக்குப் பொறந்துச்சு, அந்தப் பசங்க வயசுக்கு வந்தது 60கள்ல. அப்பாவுக்கு நிலையான வேலை, சொந்த வீடு, கார், டிவி எல்லாம் இருக்கு, பசங்களுக்கு என்ன தோணுச்சுன்னா நாமளும் இதே மாதிரி படிச்சு இதே மாதிரி டை கட்டி இதே மாதிரி வீட்டு லோன் அடைச்சு செத்துப்போகணுமா? 50கள்லயே ஆலன் கின்ஸ்பெர்க், ஜாக் கெரோவாக்னு பீட் எழுத்தாளர்கள் கூட்டம் ஒண்ணு இதே கேள்வியைக் கேட்டு வழி போட்டு வெச்சிருந்தது. 1960ல கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. 1965ல இருந்து வியட்நாமுக்குப் பட்டாளத்தை மூட்டை மூட்டையா அனுப்ப ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் ஒண்ணா சேர்ந்த இடம் சான் பிரான்சிஸ்கோவுல ஹைட் தெருவும் ஆஷ்பரி தெருவும் சந்திக்கிற ஏரியா. ஏன் அங்கன்னு கேட்டா பெரிய தத்துவமெல்லாம் இல்ல, பழைய காலத்துப் பெரிய மரவீடுங்க அங்க சல்லிசா வாடகைக்குக் கிடைச்சது, பத்து பேர் சேர்ந்தா ஒரு வீடு எடுத்துடலாம்.

ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. இவங்கள்ல பெரும்பாலானவங்க வசதியான வெள்ளைக்கார வீட்டுப் பசங்க. அதே 1965ல அமெரிக்காவோட தென்பகுதியில செல்மாங்கற ஊர்ல கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டு நடந்து போய் போலீஸ்கிட்ட அடி வாங்கிட்டு இருந்தாங்க. வசதி வேண்டாம்னு தூக்கிப் போட முதல்ல அது கையில இருக்கணுமே.

கேள்வி: சரி, அதுக்கு ஏன் முடி வளர்க்கணும்?

பட்டாளத்துல சேர்ந்த உடனே பண்ற முதல் வேலை தலையை ஒட்ட வெட்டுறது. வெட்டாம விட்டா "நான் வரல"ன்னு அர்த்தம், வாயைத் திறக்கவே வேண்டாம். இன்னிக்கு இது ஸ்டைல் மாதிரி தெரியுது, அன்னிக்கு இதுக்காக ஸ்கூலை விட்டு நிறுத்தி, கேஸ் கோர்ட் வரைக்கும் போயிருக்கு.

அந்தப் பசங்களோட பயம் எப்படிப்பட்டதுன்னு புரியணும்னா 1969 டிசம்பர் 1 ராத்திரியை யோசிச்சுப் பாருங்க. கட்டாயமா பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற குலுக்கல், டிவியில நேரடி ஒளிபரப்பு. பெரிய கண்ணாடி ஜாடி ஒண்ணு, உள்ள 366 நீலக் குப்பி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு பிறந்த தேதி. ஒவ்வொண்ணா எடுத்துப் பிரிச்சுப் படிக்கிறாங்க. முதல்ல வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில பொறந்த பையன் லாட்டரியில ஃபர்ஸ்ட், அதாவது பட்டாளத்துக்கு முதல் ஆள். குடும்பமே சுத்தி உட்கார்ந்து இதைப் பார்த்துட்டு இருந்தா அந்த வீட்டுப் பையனுக்கு அப்பாவோட டை மேல எப்படி மரியாதை வரும்?

கேள்வி: அப்போ ஹிப்பிங்கதான் வியட்நாம் போரை நிறுத்தினாங்கன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. போரை எதிர்த்து ராப்பகலா ஆள் சேர்த்து, நோட்டீஸ் அடிச்சு, ஜெயிலுக்குப் போன மாணவர் அமைப்புங்க வேற. அவங்கள்ல நிறைய பேருக்கு ஹிப்பிங்களைக் கண்டாலே எரிச்சல், "ஊர் பத்தி எரியுறப்போ புல்லாங்குழல் ஊதிட்டு இருக்கானுங்க"ன்னு. 1967 அக்டோபர்ல அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனுக்கு ஊர்வலம் போனப்போ, ஒரு கோஷ்டி மந்திரம் சொல்லி அந்தக் கட்டடத்தையே ஆகாயத்துல தூக்கப் போறோம்னு கிளம்புச்சு. கட்டடம் அசையல. ஆனா அதே நாள் துப்பாக்கிக் குழாய்க்குள்ள ஒரு பையன் பூவைச் சொருகுற போட்டோ வந்துச்சு, அது இன்னிக்கு வரைக்கும் சுத்துது. போர் மேல ஜனங்களுக்கு வெறுப்பு வந்ததுக்கு 1968ல வியட்நாம்ல கம்யூனிஸ்ட் படைங்க திடீர்னு நடத்தின டெட் தாக்குதல், வீட்டுக்கு வந்த சவப்பெட்டிங்க, 1970ல கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டியில நேஷனல் கார்டு சுட்டு நாலு மாணவர்கள் செத்தது, இதெல்லாம் பெரிய காரணம். படம் ஹிப்பிங்களோடது, உழைப்பு வேற ஆளுங்களோடது, அப்படி வெச்சுக்கலாம்.

கேள்வி: எல்.எஸ்.டி.ங்கற போதை மருந்தை அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ.வே பிளான் பண்ணி ஹிப்பிங்களுக்குப் பரப்பினதா வாட்ஸ்அப்ல வந்ததே, உண்மையா?

பாதி. சுவிட்சர்லாந்துல சாண்டோஸ் கம்பெனி கெமிஸ்ட் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938ல அதைத் தயாரிச்சாரு, அது என்ன பண்ணும்னு அவருக்கே தெரிஞ்சது 1943ல. 50கள்ல சி.ஐ.ஏ. எம்.கே. அல்ட்ரான்னு ஒரு ரகசியத் திட்டம் போட்டு, மனுஷன் மூளையைக் கட்டுப்படுத்த மருந்து கிடைக்குமான்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா சோதனைக்குக் காசு கொடுத்துச்சு. கலிபோர்னியாவுல மென்லோ பார்க் ராணுவ வீரர் ஆஸ்பத்திரியில அப்படி ஒரு சோதனைக்குச் சம்பளத்துக்குப் போன வாலன்டியர்தான் எழுத்தாளர் கென் கீஸி. அவரு என்ன பண்ணாரு, அந்த அனுபவத்தை வெளியே கொண்டுவந்து நண்பர்களுக்கு விருந்தா வெச்சாரு, 1964ல பழைய ஸ்கூல் பஸ் ஒண்ணுக்கு கண்டபடி பெயின்ட் அடிச்சு நாடு முழுக்கச் சுத்தினாரு. ஆக பரப்பணும்னு சி.ஐ.ஏ. பிளான் போடல, அவங்க பூட்டி வெச்சு விளையாடினது கதவு இடுக்குல கசிஞ்சிடுச்சு. கலிபோர்னியா 1966 அக்டோபர் 6ல தடை போட்டுச்சு.

இதுல ரொமான்ஸ் ஒண்ணும் இல்லைன்னும் சொல்லிடறேன். அந்தக் காலத்து ராக் ஸ்டாருங்க ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் ரெண்டு பேருமே 1970ல போனாங்க, ரெண்டு பேருக்கும் வயசு 27, ஒருத்தருக்கு தூக்க மாத்திரை, இன்னொருத்தருக்கு ஹெராயின். பேர் தெரியாம போனவங்க கணக்குல வரமாட்டாங்க.

கேள்வி: 1967ல "காதல் கோடை"ன்னு ஒண்ணு நடந்துச்சாமே, பேரே ஜோரா இருக்கே?

பேர் ஜோர்தான். ஆனா ஹைட் ஆஷ்பரியில அதுக்கு முன்னாடி வருஷமே நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச கதை. டிக்கர்ஸ்னு ஒரு தெருநாடகக் கோஷ்டி. 1966 கடைசியில இருந்து தினமும் சாயங்காலம் பார்க்ல பெரிய பெரிய டப்பாவுல ஸ்டூ கொண்டுவந்து வெப்பாங்க, மார்க்கெட்டுல மீந்த காய்கறியும் கேட்டு வாங்கின கறியும் போட்டு ஆக்கினது. ஆளுயரத்தைவிடப் பெரிய மரச்சட்டம் ஒண்ணுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு நிறுத்தி வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள நுழைஞ்சு போய் வாங்கிக்கணும், அவ்வளவுதான் கண்டிஷன். காசு கிடையாது, யாரு எவருன்னு கேள்வி கிடையாது. இலவசக் கடைன்னும் ஒண்ணு நடத்தினாங்க, வேணுங்கிறதை எடுத்துட்டுப் போகலாம், வேண்டாததை வெச்சுட்டுப் போகலாம்.

அப்புறம் பத்திரிகைக்காரங்களும் டிவிக்காரங்களும் (எங்க ஆளுங்கதான், வேற யாரு) இந்த ஏரியாவைப் பத்தி எழுதி எழுதி, 1967 கோடையில கிட்டத்தட்ட ஒரு லட்சம் பசங்க வந்து இறங்கிட்டாங்க. கையில காசு இல்ல, படுக்க இடம் இல்ல, ஸ்கூல் லீவுக்கு வந்த 15, 16 வயசுப் பொண்ணுங்க வேற. கஞ்சா போய் ஊசி வந்துச்சு, பால்வினை நோய் வந்துச்சு, பாலியல் பலாத்காரம் நடந்துச்சு. ஜூன் 7ல டேவிட் ஸ்மித்னு ஒரு இளம் டாக்டர் அங்க இலவச கிளினிக் திறந்தாரு, போதையில வந்தாலும் திட்டாம, போலீஸைக் கூப்பிடாம வைத்தியம். அதைப் பார்த்து மத்த ஊர்கள்லயும் இலவச கிளினிக்குங்க முளைச்சது. கோடை முடிஞ்சதும் அக்டோபர் 6ல டிக்கர்ஸும் பழைய ஹிப்பிங்களுமே சவப்பெட்டி தூக்கி "ஹிப்பி செத்துட்டான்"னு பொய் சவ ஊர்வலம் நடத்தினாங்க. இனிமே யாரும் வராதீங்க, உங்க ஊர்லயே ஏதாவது பண்ணுங்கன்னு சொல்லத்தான். யாரு கேட்டா.

கேள்வி: வுட்ஸ்டாக் இசை விழான்னா வெறும் சேறு, பாட்டு, கூத்துதானா? அதுல நம்ம கோயமுத்தூர்காரர் ஒருத்தர் மேடை ஏறினதா எங்கப்பா சொல்றாரு, கதை விடுறாரா?

அப்பா சொன்னது நிஜம்! சுவாமி சச்சிதானந்தா, 1914ல கோவை பக்கம் செட்டிபாளையத்துல பொறந்தவரு, ரிஷிகேஷ் சிவானந்தரோட சீடர். 1966ல பீட்டர் மேக்ஸ்ங்கற ஓவியர் கூப்பிட்டு நியூயார்க் போனவரு, வந்த பசங்க விடல, அங்கயே தங்கிட்டாரு. 1969 ஆகஸ்ட் 15, வுட்ஸ்டாக் முதல் நாள், காவி உடையில வெள்ளைத் தாடியோட மேடையில உட்கார்ந்து நாலு லட்சம் பேர் கூடின அந்தக் கூட்டத்துக்கு ஆரம்ப உரை கொடுத்தது அவருதான். அன்னிக்கு ராத்திரி மழையில ரவிசங்கர் சிதார் வாசிச்சாரு. அவருக்கு அந்தக் கூட்டம் பிடிக்கல, சங்கீதத்தைப் போதையோட சேர்த்துக் கேக்கறாங்கன்னு கடைசி வரைக்கும் குறைபட்டுக்கிட்டே இருந்தாரு.

இடம் பெத்தெல்னு ஒரு கிராமம், மேக்ஸ் யாஸ்கர்ங்கற பால் பண்ணைக்காரரோட நிலம். முன்கூட்டி வாங்கினா மூணு நாளைக்கு டிக்கெட் 18 டாலர், ஆனா வேலி போட்டு முடிக்கறதுக்குள்ள கூட்டம் உள்ள வந்துடுச்சு, அப்புறம் என்ன, எல்லாருக்கும் ஃப்ரீ. ரோடு முழுக்க காரு நின்னுபோச்சு, சாப்பாடு தீர்ந்துபோச்சு. அங்க ஹாக் ஃபார்ம்னு ஒரு கம்யூன்காரங்க (கம்யூன்னா எல்லாரும் கூட்டா சேர்ந்து வாழ்ற இடம்), அவங்க தலைக்கட்டு வேவி கிரேவிங்கற பல்லு போன கோமாளி மனுஷன். பாதுகாப்புக்கு என்ன ஆயுதம் வெச்சிருக்கீங்கன்னு நிருபர்ங்க கேட்டதுக்கு "கிரீம் கேக்கும் சோடா பாட்டிலும்"னாரு. ஆனா கூட்டத்துக்குச் சோறு போட்டது அந்தக் கோஷ்டி. போதை தலைக்கேறி அலறிட்டு வர்றவங்களுக்கு ஒரு கூடாரம் போட்டாங்க. ஊசி போட்டு மயங்கடிக்காம பக்கத்துல உட்கார்ந்து பேசிப் பேசி மூணு மணி நேரத்துல தெளிய வெப்பாங்க. தெளிஞ்சு எழுந்தவன்கிட்ட அடுத்து அலறிட்டு வர்ற ஆளைக் காட்டி "மூணு மணி நேரம் முன்னாடி நீதான் அது, இப்போ நீ டாக்டர், பார்த்துக்கோ"ன்னு ஒப்படைச்சுடுவாங்க.

நாலு மாசம் கழிச்சு டிசம்பர் 6ல கலிபோர்னியாவுல ஆல்டமான்ட்னு இன்னொரு இலவசக் கச்சேரி. பாதுகாப்புக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்ங்கற பைக் கோஷ்டியை நிறுத்தினாங்க, 18 வயசு கறுப்பினப் பையன் ஒருத்தன் மேடைக்கு முன்னாடியே கத்தியால குத்திக் கொல்லப்பட்டான். இங்க பாதுகாப்புக்கு கிரீம் கேக், அங்க பைக் செயின், வேற விளக்கம் தேவையில்ல.

கேள்வி: "சுதந்திரக் காதல்"னு சொன்னாங்களே, அதுல பொம்பளைங்களுக்கு என்ன சுதந்திரம் கிடைச்சது?

நல்லா கேட்டீங்க சகோதரி. நிறைய கம்யூன்ல ஆம்பளைங்க பிரபஞ்சத்தைப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க, பொம்பளைங்க அடுப்படியில இருந்தாங்க. புள்ளை பொறந்தா அம்மாவோட புள்ளை, அப்பா அடுத்த ஊருக்குப் போயிருப்பான். வேண்டாம்னு சொல்ற பொண்ணுக்கு "இன்னும் பழைய காலத்துலயே இருக்கியே"ன்னு பட்டம் வேற. இதுல கடுப்பானவங்கள்ல நிறைய பேர் 70கள்ல பெண்ணிய இயக்கத்துக்குப் போனாங்க.

விதிவிலக்கா ஒரு ஆளைச் சொல்றேன், ஐனா மே காஸ்கின். 1970ல சான் பிரான்சிஸ்கோவுல இருந்து ஸ்டீபன் காஸ்கின்ங்கறவரோட நூத்துக்கணக்கான ஹிப்பிங்க பழைய ஸ்கூல் பஸ்ஸுங்கள்ல கிளம்பி நாட்டைச் சுத்தினாங்க. அதுல கர்ப்பிணிங்களும் இருந்தாங்க, ஆஸ்பத்திரிக்குக் கட்டக் காசு இல்ல, பிரசவம் பஸ்ஸுக்குள்ளயே நடந்துச்சு. அதைப் பார்த்துப் பார்த்து, டாக்டர்கள்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டு ஐனா மே மருத்துவச்சி ஆனாங்க. டென்னஸியில நிலம் வாங்கி 'தி ஃபார்ம்'னு ஊர் அமைச்சதும் அங்க பிரசவ மையமே நடத்தினாங்க. குழந்தை தலை வந்து தோள் மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு பெரிய ஆஸ்பத்திரிகள்லயே கை நடுங்கும். தாயைத் திருப்பி நாலு காலா முட்டி போட வெச்சா தோள் விடுபடும், இதை குவாத்தமாலாவுல பழங்குடி மருத்துவச்சிங்க பண்றதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து அமெரிக்காவுல பரப்பினவங்க இவங்க. இன்னிக்கு மகப்பேறு டாக்டருங்க படிக்கிற புத்தகத்துல அது காஸ்கின் முறை. பேர் குவாத்தமாலாக்காரங்களுக்குப் போயிருக்கணும்ங்கறது என் கட்சி, ஐனா மேயும் அதை மறைக்கல.

கேள்வி: கம்யூன் எல்லாம் ஏன் புட்டுக்கிச்சு?

யாரு பாத்திரம் கழுவுறதுங்கறதுல ஆரம்பிச்சு, யாரு கடனை அடைக்கிறதுங்கறதுல முடிஞ்சது. மேல சொன்ன ஃபார்ம்லயே ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க, எல்லார் காசும் பொதுக்காசு, 1983ல கடன் கழுத்தை நெரிச்சதும் இனிமே அவங்கவங்க சம்பாதிச்சு மாசா மாசம் பங்கு கட்டணும்னு மாத்திட்டாங்க. முக்கால்வாசி பேர் கிளம்பிட்டாங்க. மாத்திக்கிட்டதாலதான் அந்த ஊர் இன்னும் இருக்கு.

கேள்வி: ஐரோப்பாவுல இருந்து ரோட்டு வழியா இந்தியா வந்தாங்களாமே, எப்படி சார்?

லண்டன், இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், பெஷாவர், லாகூர், டெல்லி, அப்புறம் கோவா இல்லைன்னா காத்மாண்டு. ஓட்டை வேன், லொடலொட பஸ், இல்லைன்னா கட்டை விரலை நீட்டி லிஃப்ட். இஸ்தான்புல்ல புட்டிங் ஷாப்னு பேர் வாங்கின ஹோட்டல் ஒண்ணுல நோட்டீஸ் போர்டு இருக்கும், "காபூலுக்கு ரெண்டு சீட் காலி", "என்னை விட்டுட்டுப் போனதுக்கு மன்னிச்சுட்டேன், டெல்லியில இருப்பேன்" இந்த ரகத்துல சீட்டுங்க ஒட்டியிருக்கும், அதுதான் அன்னிக்கு வாட்ஸ்அப். இப்படி வந்த டோனி, மோரீன் வீலர் தம்பதி 1972 கடைசியில ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தப்போ கையில 27 சென்ட். எப்படி வந்தீங்கன்னு எல்லாரும் கேட்டதால அடுத்த வருஷம் ஒரு சின்ன கைடு போட்டாங்க, லோன்லி பிளானட் கம்பெனி ஆரம்பிச்சது அதுல இருந்து.

காத்மாண்டுல 1973 வரைக்கும் அரசாங்க லைசன்ஸோட கஞ்சா கடை நடந்துச்சு, அப்புறம் மூடிட்டாங்க. இதே ரூட்ல திரிஞ்ச பசங்களைக் குறிவெச்சுக் கொன்ன சார்லஸ் சோப்ராஜ் கதையும் உண்டு. 1979ல ஈரான் புரட்சி, வருஷக் கடைசியில ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் டாங்கி, ரூட் குளோஸ்.

இதுல எனக்கு உறுத்துறது ஒண்ணு. ஏழ்மையா வாழ்ந்து பார்க்கலாம்னு வந்தவங்க, வேற வழியில்லாம ஏழையா இருந்தவங்களோட தெருவுல வந்து உட்கார்ந்தாங்க. அலுத்துப்போனா வீட்டுக்குத் தந்தி அடிக்கலாம், அப்பா பணம் அனுப்புவாரு. டீக்கடைக்காரருக்கு அந்த வசதி இல்ல.

கேள்வி: ஸ்டீவ் ஜாப்ஸ் ஹிப்பியா?

19 வயசுல ஆமா. 1974ல நீம் கரோலி பாபாங்கற சாமியாரைப் பார்க்க இந்தியா வந்தாரு, பாபா முந்தின வருஷமே சமாதி ஆயிட்டாரு. அவரைவிட முக்கியமான ஆள் ஸ்டூவர்ட் பிராண்ட். 1968ல 'ஹோல் எர்த் கேட்டலாக்'னு ஒரு பெரிய சைஸ் புத்தகம் போட்டாரு, அட்டையில விண்வெளியில இருந்து எடுத்த பூமி படம், உள்ள கம்யூனுக்கு வேண்டிய கருவி, புத்தகம், கால்குலேட்டர் வரைக்கும் எது நல்லது, எங்க வாங்கலாம்னு விவரம். அதே வருஷம் டிசம்பர்ல கம்ப்யூட்டர் மவுஸை உலகத்துக்கு முதல்ல காட்டின டெமோவுல கேமரா வேலைக்குக் கூடமாட நின்னதும் இவருதான். அதுவரைக்கும் கம்ப்யூட்டர்னா ராணுவத்துக்கும் பேங்குக்கும் சொந்தமான ராட்சசன், இல்ல அது தனி மனுஷன் கையில இருக்கற கருவின்னு சொன்னது இந்தக் கும்பல். அந்த கேட்டலாக்கோட 1974 இதழ் பின்னட்டையில இருந்த "பசியோட இரு, அசடாவே இரு"ங்கற வாசகத்தைத்தான் 2005ல ஸ்டான்ஃபோர்டு உரையில ஜாப்ஸ் சொல்லி முடிச்சாரு. இதுல வேடிக்கை, அந்த மவுஸ் ஆராய்ச்சிக்குப் பணம் வந்ததே ராணுவத்தோட ஆராய்ச்சி ஏஜென்சியில இருந்துதான்.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஹிப்பிங்களால ஏழை ஜனங்களுக்கு ஒரு நல்லதாவது நடந்துச்சா? நான் ரிடையர்டு வாத்தியார், எனக்கு அவங்க மேல மரியாதையே இல்ல.

ஐயா, உங்களுக்காகவே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். லாரி பிரில்லியன்ட்னு ஒரு அமெரிக்க டாக்டர். மனைவியோட ஹிப்பி பஸ்ல இந்தியா வந்து அதே நீம் கரோலி பாபா ஆசிரமத்துல உட்கார்ந்துட்டாரு. பாபா என்ன சொன்னாரு, தியானம் போதும், போய் பெரியம்மையை ஒழிக்கிற வேலையில சேருன்னு. டெல்லியில உலக சுகாதார நிறுவன ஆபீஸுக்குப் போனா சடையும் தாடியுமா நின்ன ஆளுக்கு வேலை கொடுக்கல. திரும்பப் போனாரு, திரும்ப விரட்டினாங்க, ஒவ்வொரு தடவையும் தாடி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதாம். கடைசியில டைப் அடிக்கத் தெரியும்ங்கறதால ஆபீஸ் வேலைக்கு எடுத்தாங்க, அங்க இருந்து களத்துக்குப் போனாரு. 1974ல பீகார்ல பெரியம்மை தலைவிரிச்சு ஆடுன வருஷம். வீடு வீடா போய் நோயாளி படத்தைக் காட்டி "இப்படி யாருக்காவது இருக்கா"ன்னு கேட்டுத் தடுப்பூசி போட்டது ஆயிரக்கணக்கான இந்திய சுகாதாரப் பணியாளர்கள், இவரு அதுல ஒரு ஆள், அவ்வளவுதான். 1975 மே மாசம் இந்தியாவுல கடைசி நோயாளி. 1980ல உலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சாங்க.

கதை அதோட முடியல. 1978ல பிரில்லியன்ட், அந்த வுட்ஸ்டாக் கோமாளி வேவி கிரேவி, ராம் தாஸ்னு பேர் மாத்திக்கிட்ட பழைய ஹார்வர்டு புரொஃபசர், கூட பெரியம்மை வேலையில இருந்த ஆளுங்க எல்லாம் சேர்ந்து சேவா ஃபவுண்டேஷன்னு ஆரம்பிச்சாங்க, கண்ணு தெரியாதவங்களுக்காக. பணத்துக்கு கிரேட்ஃபுல் டெட் மாதிரி ஹிப்பி பேண்டுங்க கச்சேரி பண்ணிக் கொடுத்தாங்க. அவங்க கைகோத்தது யாரோட? மதுரையில 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டர் ஜி. வெங்கடசாமியோட. முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போயும் ஒரு லட்சம் ஆபரேஷன் பண்ண மனுஷன். கண்புரை ஆபரேஷன்ல உள்ள வெக்கிற லென்ஸ் அப்போ வெளிநாட்டுல இருந்து நூறு டாலருக்கு மேல. 1992ல மதுரையிலயே ஆரோலேப்னு ஃபேக்டரி போட்டாங்க, தொழில்நுட்பம் கொண்டுவர சேவா ஆளுங்க கூட நின்னாங்க, விலை பத்து டாலர் பக்கம் இறங்குச்சு. அந்த லென்ஸ் இன்னிக்கு நூறுக்கும் மேல நாடுகளுக்குப் போகுது. வேலை மதுரைக்காரங்களோடது, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா ஐயா, ஆரம்பத்துல கை கொடுத்தவங்கள்ல வுட்ஸ்டாக்ல சோறு போட்டவனும் இருக்கான், அந்த அளவுக்காவது மார்க் போடுங்க.

கேள்வி: யோகா, ஆர்கானிக், வீகன், அமைதிச் சின்னம், எல்லாம் அவங்க கொடுத்ததுதானே?

அமைதிச் சின்னம் இல்ல, அது 1958ல பிரிட்டன்ல அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைஞ்சது. யோகா யாருடையதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆர்கானிக் கடைங்களுக்கு அவங்க கூட்டுறவுக் கடைங்க பெரிய காரணம், ஒத்துக்கறேன், ஆனா அங்க மூட்டையில இருந்து அள்ளி வித்த பழுப்பரிசியை இப்போ கம்பெனிங்க பாக்கெட் போட்டு விக்கிற விலையைப் பார்த்தா டிக்கர்ஸ் மறுபடியும் சவப்பெட்டி தூக்குவாங்க.

கேள்வி: ஆரோவில் ஹிப்பி ஊர்தானே?

இல்ல. 1968 பிப்ரவரி 28ல பாண்டிச்சேரி ஆசிரமத்து ஸ்ரீ அன்னை ஆரம்பிச்சது, போதைப் பொருள் கூடவே கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க. ஆனா வந்து குடியேறின வெள்ளைக்காரங்கள்ல அந்தக் காலத்துக் காத்து பட்டவங்க நிறைய, மழையில அரிச்சுப்போன செம்மண் மேட்டுல பக்கத்து கிராமத்து ஆளுங்களோட சேர்ந்து மரம் நட்டுக் காடாக்கினது அவங்கதான். 2021 டிசம்பர்ல மாஸ்டர் பிளான் ரோட்டுக்காக அந்த மரங்களை வெட்ட புல்டோசர் வந்து, ஊரே ரெண்டா பிரிஞ்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிடுச்சு.